பில்டு கருவியின் ஆவணம் உடைந்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நிரலை நிறுவத்தக்க பொதியாக்கும் பேக்கேஜிங் கருவிக்கோ, மூல நிரலை ஓடும் வடிவமாக்கும் பில்டு கருவிக்கோ ஆவணம் பராமரிப்பவருக்கு வரும் புகாரில் பாதி "ஓடவில்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும். கோளாறு கருவியில் இருக்கலாம், ஆவணத்தில் இருக்கலாம், ஆவணத்தை எச்டிஎம்எல் ஆக்கும் பில்டில் இருக்கலாம். வாசகர் திறந்து வைத்திருக்கும் பக்கமே வேறு பதிப்பாக இருக்கலாம். புகார் சொல்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டிய அவசியமில்லை. பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

எந்தப் புகாரானாலும் முதலில் இரண்டு விவரங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: திறந்திருக்கும் பக்கத்தின் முழு முகவரி, கருவியின் பதிப்பைக் காட்டும் கட்டளையின் வெளியீடு. இவை இல்லாமல் தேட ஆரம்பித்தால், இல்லாத பிழையைத் தேடி ஒரு பொழுது போய்விடும். புகார் எழுதும் படிவத்திலேயே இரண்டுக்கும் இடம் வைத்துவிடுவது நல்லது.

கீழே உள்ள உதாரணங்கள் பெரும்பாலும் ஸ்பிங்க்ஸ் (உரைக் கோப்புகளிலிருந்து ஆவணத் தளம் உருவாக்கும் கருவி), பைதான் பேக்கேஜிங், சிமேக் (சி, சி++ திட்டங்களுக்கான பில்டு கருவி) சார்ந்தவை. எம்கேடாக்ஸ் போன்ற வேறு ஆவணக் கருவி வைத்திருப்பவர்களுக்குக் கட்டளையோடு சேர்க்கும் சுவிட்சுகளின் பெயர் மாறும், காரணங்கள் அநேகமாக இவையேதான்.

"ஆவணத்தில் இருந்தபடியே செய்தேன், ஓடவில்லை"

முதலில் பதிப்பைப் பாருங்கள். தேடுபொறி வழியாக வருபவர் எந்தப் பதிப்பின் பக்கத்தில் இறங்குவார் என்பது முழுக்க உங்கள் கையில் இல்லை. பழைய பக்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் சேர்ந்த இணைப்புகள் இருக்கும், அதனால் அதுவே மேலே வரும். முகவரியில் "லேட்டஸ்ட்" என்று இருந்தாலும் நிம்மதி அடைய முடியாது. ஆவணங்களை பில்டு செய்து வெளியிடும் ரீட் த டாக்ஸ் தளத்தில் லேட்டஸ்ட் என்பது முதன்மைக் கிளையின் இன்றைய நிலை. கடைசி ரிலீஸுக்கு உரியது "ஸ்டேபிள்". இன்னும் வெளியாகாத ஆப்ஷனை லேட்டஸ்ட் பக்கத்தில் படித்துவிட்டு, போன மாத ரிலீஸில் அதை ஓட்டிப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

இதற்குச் செய்ய வேண்டியது மூன்று. தளத்தின் முகப்பு ஸ்டேபிளுக்குப் போகட்டும். பழைய பதிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பட்டை இருக்கட்டும். அதில் உள்ள இணைப்பு முகப்புக்குப் போகாமல், புதிய பதிப்பில் அதே பக்கத்துக்குப் போகட்டும். ஸ்பிங்க்ஸின் அமைப்புக் கோப்பான கான்ஃப்.பையில் எச்டிஎம்எல் பேஸ் யூஆர்எல் அமைப்பைக் கொடுத்தால், இதுவே மூல முகவரி என்று சொல்லும் கனானிக்கல் குறியை ஸ்பிங்க்ஸ் தானே போட்டுவிடும். தேடுபொறிக்கு அது ஒரு குறிப்பு.

பதிப்பு பொருந்துகிறது, இருந்தும் ஓடவில்லை என்றால், உங்கள் கருவி மாறாமல் சுற்றியுள்ள உலகம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பில்டு கருவி ஆவணத்துக்கே உரிய நோய் இது. பேக்கேஜ் உருவாக்கப் பைதானோடு வந்த டிஸ்ட்யூட்டில்ஸை பைதான் 3.10 வழக்கொழிந்ததாக அறிவித்தது, 2023 அக்டோபரில் வந்த 3.12 அதை நீக்கியே விட்டது. அதே 3.12 முதல், புதிதாக உருவாக்கும் வெர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் (ஒரு திட்டத்துக்கென்று தனியாக்கிய பைதான் சூழல்), டிஸ்ட்யூட்டில்ஸின் இடத்தைப் பிடித்த செட்டப்டூல்ஸ் தானாக வந்து உட்காருவதில்லை. ஆகவே "பைதான் செட்டப்.பை" என்று தொடங்கும் பழைய வரி, பல ஆண்டு ஓடிய பிறகும், புதுச் சூழலில் மாட்யூல் இல்லை என்று விழும். சிமேக்கிலும் இதே கதை. மாதிரி நிரல்களின் முதல் வரியில் குறைந்தபட்சப் பதிப்பு 2.8 என்று எழுதுவது ஒரு காலத்தில் வழக்கம். 2025இல் வந்த சிமேக் 4.0, 3.5க்குக் கீழான எண்ணை ஏற்காமல் பிழை சொல்லி நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய 3.31லேயே 3.10க்குக் கீழான எண்ணுக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. எச்சரிக்கை வந்த அன்றே ஆவணம் முழுக்கத் தேடி மாற்றியவர்களுக்கு 4.0 வந்தபோது வேலை இல்லை.

ஆனால் தேடி மாற்றுவது மருந்து, தடுப்பு வேறு. பக்கத்தில் காட்டும் மாதிரித் திட்டங்களைப் பக்கத்துக்குள் தட்டச்சு செய்து வைக்காதீர்கள். ரெப்போவில் (நிரல் களஞ்சியம்) தனி அடைவில் உண்மையான திட்டங்களாக வையுங்கள். அவற்றைச் சிஐ (ஒவ்வொரு மாற்றத்தையும் தானே சோதிக்கும் அமைப்பு) ஒவ்வொரு முறையும் வெறும் கன்டெய்னரில் (எதுவும் முன்பே நிறுவாத தனிச் சூழல்) பில்டு செய்யட்டும். பக்கம் அந்தக் கோப்பிலிருந்து தேவையான துண்டை ஸ்பிங்க்ஸின் லிட்டரல் இன்க்ளூட் கட்டளை வழியாக எடுத்துக்கொள்ளட்டும். எடுக்கும்போது வரி எண் கொடுக்க வேண்டாம். மேலே யாரோ ஒரு வரி சேர்த்தால் துண்டு சத்தமில்லாமல் நகர்ந்து, பாதிச் செயற்கூற்றைக் காட்டும். தொடக்கம், முடிவு என்று கோப்பில் கமெண்டாக ஓர் அடையாளம் வைத்து அதைச் சொல்லுங்கள். அடையாளம் காணாமல் போனால் ஸ்பிங்க்ஸ் எச்சரிக்கும்.

வெறும் கன்டெய்னர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எழுதுபவரின் கணினியில் கம்பைலர், ஹெடர் கோப்புகள், பிகேஜி-கான்ஃபிக் எல்லாம் எப்போதோ நிறுவப்பட்டிருக்கும். அவருக்கு ஓடும் நான்கு வரிக் கட்டளை, புதியவருக்கு ஆறு வரியாக இருக்க வேண்டும். விடுபட்ட அந்த இரண்டு வரியை எழுதுபவரின் கண் கண்டுபிடிக்காது.

"காப்பி செய்து ஒட்டினேன், ஆப்ஷனே தெரியாது என்கிறது"

இந்தப் புகாரைத் தயவுசெய்து தட்டிக் கழிக்காதீர்கள். புகார் சொல்பவர் தட்டச்சுப் பிழை செய்யவில்லை, நம் பக்கம்தான் அவருக்குத் தவறான எழுத்தைக் கொடுத்திருக்கிறது.

அவர் ஒட்டிய வரியை அப்படியே வாங்கி, எக்ஸ்எக்ஸ்டி போன்ற கருவியில் போட்டுப் பைட்டுகளைப் பாருங்கள். ஆப்ஷனுக்கு முன் இரண்டு ஹைஃபன் இருந்தால் 2டி 2டி என்று வரவேண்டும். அங்கே ஈ2 80 93 என்று மூன்று பைட் வந்தால், அது யூடிஎஃப்-8இல் ஒரு நீளக்கோடு. கண்ணுக்குக் கோடு போலவே தெரியும், கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல்லுக்கு அது சம்பந்தமில்லாத எழுத்து. இதைச் செய்வது ஸ்பிங்க்ஸின் ஸ்மார்ட் கோட்ஸ் அமைப்பு. சாதாரண உரையில் வரும் இரட்டை ஹைஃபனை நீளக்கோடாகவும், நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும் அது அழகுபடுத்துகிறது. இயல்பிலேயே இயங்கும் அமைப்பு இது. குறியீட்டுப் பகுதிகளைத் தொடாது. அதனால் பெட்டிக்குள் இருக்கும் கட்டளை சரியாக ஓடும், பத்தியின் நடுவே எழுதிய அதே ஆப்ஷன் ஓடாது.

ஆப்ஷன் பெயர்களை, குறியீடு என்று காட்டும் இரட்டை பேக்டிக்குக்குள் எழுதினால் போதும் என்பார்கள். எல்லாப் பங்களிப்பாளரும் எல்லா இடத்திலும் அதை நினைவில் வைக்க மாட்டார்கள். கட்டளைவரிக் கருவியின் ஆவணம் என்றால் ஸ்மார்ட் கோட்ஸை கான்ஃப்.பையில் அணைத்துவிடுவதே என் பரிந்துரை. வளைந்த மேற்கோள் இல்லாததால் யாருக்கும் எதுவும் குறையாது.

பைட்டுகள் சரியாக இருந்தும் தவறினால் ஷெல்லைக் கேளுங்கள். "பிப் இன்ஸ்டால்" என்று தொடங்கி, பேக்கேஜ் பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குள் கூடுதல் தேவைகளைச் சொல்லும் வரி பாஷ் ஷெல்லில் பெரும்பாலும் ஓடிவிடும். இசட்எஸ்எச் ஷெல் அந்த அடைப்பைக் கோப்புப் பெயர்த் தேடலாக எடுத்துக்கொண்டு "நோ மேட்சஸ் ஃபவுண்ட்" என்று நிற்கும். 2019இல் வந்த கேட்டலினா முதல் மேக்ஓஎஸ்ஸில் இயல்பு ஷெல் இசட்எஸ்எச்தான், அதனால் புகார் மேக் பயனர்களிடமிருந்தே வரும். பேக்கேஜ் பெயரையும் அடைப்பையும் சேர்த்து மேற்கோளுக்குள் எழுதிவிட்டால் இரண்டு ஷெல்லிலும் ஓடும்.

டாலர் குறி சேர்ந்து காப்பி ஆகிறது என்றால், காப்பி பட்டன் நீட்சியில் அந்த ப்ராம்ப்ட் குறியை விலக்கும் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள்.

"பில்டு பச்சை, ஏபிஐ பக்கம் காலி"

தலைப்பு இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. சிஐ பச்சை காட்டும். ரிலீஸ் போய்ப் பல நாள் கழித்து யாராவது சொன்னால்தான் தெரியவரும்.

நிரலிலிருந்து ஏபிஐ பக்கத்தை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் நீட்சியான ஆட்டோடாக், உங்கள் நிரலை உரையாகப் படிப்பதில்லை, உண்மையாகவே இம்போர்ட் செய்கிறது. இம்போர்ட் தவறினால் அது ஸ்பிங்க்ஸுக்கு வெறும் எச்சரிக்கை. அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதை முடித்து, வெற்றி என்று சொல்லி வெளியேறும். பில்டு லாகில் "ஆட்டோடாக்: ஃபெயில்டு டு இம்போர்ட்" என்று தேடுங்கள். காரணம் அதற்கு அடுத்த வரிகளிலேயே இருக்கும். அநேகமாக மூன்றில் ஒன்று: பேக்கேஜையே அந்தச் சூழலில் நிறுவவில்லை, சி நீட்சி கம்பைல் ஆகவில்லை, ஏதோ ஒரு கனமான டிபென்டென்சி (நிரல் சார்ந்திருக்கும் வேறு பேக்கேஜ்) அங்கே இல்லை. கடைசிக் காரணத்துக்கு மட்டும், இல்லாத மாட்யூலுக்குப் போலியை வைக்கும் ஆட்டோடாக் மாக் இம்போர்ட்ஸ் பட்டியல் சரியான வழி. உங்கள் சொந்த மாட்யூலையே மாக் பட்டியலில் போட்டுப் பிழையை அடக்கியிருப்பதைப் பல திட்டங்களில் பார்க்கலாம். அப்படிச் செய்தால் பக்கம் நிரந்தரமாகக் காலிதான்.

பிறகு, எச்சரிக்கையைப் பிழையாக எடுக்கச் சொல்லும் பெரிய எழுத்து டபிள்யூ சுவிட்சைச் சிஐயில் சேருங்கள். முன்பு இது முதல் எச்சரிக்கையிலேயே நிற்கும், தொடர்ந்து ஓடச் சொல்லத் தனி சுவிட்ச் வேண்டும். ஸ்பிங்க்ஸ் 8.1 முதல் முழுவதும் ஓடி முடித்து, கடைசியில் தோல்வி சொல்கிறது. ஏற்கெனவே எச்சரிக்கைகள் குவிந்து கிடக்கும் திட்டத்தில் இதை ஒரே நாளில் போட முடியாதுதான். முதலில் எச்சரிக்கை எண்ணிக்கை கூடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள், பூஜ்யம் ஆன அன்று சுவிட்சைப் போடுங்கள். இந்தக் கட்டுரை சொல்வதில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

"யாரும் எதையும் தொடவில்லை, நேற்று வரை பில்டு ஆனது"

தொட்டது உங்கள் டிபென்டென்சி. நன்றாக நினைவில் உள்ள ஓர் உதாரணம்: 2022 மார்ச்சில், ஸ்பிங்க்ஸ் பயன்படுத்தும் டெம்ப்ளேட் நூலகமான ஜிஞ்சா2இன் 3.1 பதிப்பு வெளியானது. நெடுநாள் வழக்கொழிந்த சில பெயர்கள் அதில் நீங்கின. பழைய ஸ்பிங்க்ஸ் பதிப்புகள் அந்தப் பெயர்களை இம்போர்ட் செய்துகொண்டிருந்தன. ஸ்பிங்க்ஸ் பதிப்பை மட்டும் கவனமாகப் பூட்டி வைத்திருந்தவர்களின் பில்டும் அன்று விழுந்தது, ஏனென்றால் ஜிஞ்சாவை யாரும் பூட்டவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, ஸ்பிங்க்ஸ் சார்ந்திருக்கும் இன்னொரு நூலகமான டாக்யூட்டில்ஸ் 0.17 வந்தபோது எந்தப் பிழையும் வரவில்லை. பரவலாகப் பயன்படும் ஒரு தீமின் அப்போதைய பதிப்பில் பட்டியல்களின் புள்ளிகள் மட்டும் மறைந்துபோயின.

நேரடித் தேவைகளை ஒரு கோப்பில் தளர்வாக எழுதுங்கள். பிப்-கம்பைல் அல்லது யூவி கருவியைக் கொண்டு முழுச் சங்கிலியையும் பூட்டிய இன்னொரு கோப்பை உருவாக்குங்கள். ஆவண பில்டு இரண்டாவதையே நிறுவட்டும். பழைய ரிலீஸ் கிளைகளில் அந்தப் பூட்டு அப்படியே இருக்கட்டும், முதன்மைக் கிளையில் மாதம் ஒரு முறையாவது புதுப்பியுங்கள். அடுத்தவருக்குப் பேக்கேஜிங் கற்றுக்கொடுக்கும் திட்டம் தன் ஆவணத்துக்கே பூட்டுக் கோப்பு வைக்காமல் இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

"புதுப் பக்கம் சேர்த்தேன், பக்கப்பட்டையில் சில பக்கங்களில் தெரிகிறது, சிலவற்றில் இல்லை"

காரணம் இன்கிரிமென்டல் பில்டு, அதாவது மாறியதை மட்டும் திரும்ப எழுதுவது. மாறாத பக்கங்களை ஸ்பிங்க்ஸ் திரும்ப எழுதாது, ஆகவே அவற்றின் பட்டை பழையதாகவே இருக்கும். சூழலைப் புதிதாக்கும் பெரிய ஈ, எல்லாவற்றையும் எழுதச் சொல்லும் சிறிய ஏ, இரண்டு சுவிட்சையும் சேர்த்து ஓட்டுங்கள். நீக்கிய பக்கம் தளத்தில் இன்னும் திறக்கிறது என்றால் வெளியீட்டு அடைவில் பழைய கோப்பு தங்கியிருக்கிறது. அடைவையே அழித்துவிட்டு பில்டு செய்யுங்கள். ஆர்சிங்க் வைத்து ஏற்றுபவர்கள் டிலீட் ஆப்ஷன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"லிங்க் உடைந்திருக்கிறது"

வெளி இணைப்புகளுக்கு ஸ்பிங்க்ஸின் லிங்க்செக் சோதனை இருக்கிறது. அதை ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் வேண்டுகோள்) கட்டாயமாக்காதீர்கள். வேறு யாரோ ஒருவரின் சர்வர் 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) என்று மறுத்தால், எழுத்துப் பிழை திருத்த வந்த புதிய பங்களிப்பாளர் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? வாரம் ஒரு முறை தனியாக ஓடட்டும். உள் குறிப்புகளுக்கு நேர்மாறு: இலக்கு இல்லாத குறிப்பு ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கும் நிட்பிக்கி முறையைப் போட்டு, உடைந்த ஒவ்வொன்றும் புல் ரிக்வெஸ்ட்டை நிறுத்தட்டும்.

இதைவிடக் கடினமானது வெளியிலிருந்து உங்களுக்கு வரும் இணைப்பு. பக்கத்தை நகர்த்தினால் ரீடைரக்ட் போடலாம். தலைப்பை மாற்றினால்? பக்கத்துக்குள் ஒரு பிரிவைச் சுட்டும் ஆங்கர், தலைப்பிலிருந்து தானாக உருவாகிறது. தலைப்பில் ஒரு சொல் மாறினால் ஆங்கரும் மாறும். முகவரியில் ஹாஷ் குறிக்குப் பின் வரும் பகுதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை, ஆகவே சர்வர் ரீடைரக்ட் விதியால் பழைய ஆங்கரைப் பிடிக்கவே முடியாது. வாசகர் பக்கத்தின் உச்சியில் விடப்பட்டு, தான் தேடி வந்ததைக் காணாமல் திரும்புவார். முக்கியமான ஒவ்வொரு பிரிவுக்கும் மேலே கையால் ஒரு லேபிள் எழுதுங்கள். தலைப்பு எத்தனை முறை மாறினாலும் லேபிள் நிற்கும்.

பில்டு கருவிக்கு இங்கே இன்னொரு பொறுப்பும் உண்டு. கருவியின் பிழைச் செய்திக்குள்ளேயே "விவரத்துக்கு இந்தப் பக்கம் பார்க்க" என்று முகவரி அச்சாகும். அந்த ரிலீஸ் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போய்விட்டது. இனி அந்த முகவரியைத் திருத்த யாராலும் முடியாது. ஆகவே நிரலில் ஆவண முகவரியை நேராக எழுதாமல், உங்கள் டொமைனில் ஒரு குறுமுகவரியை எழுதுங்கள். அது எங்கே போகிறது என்பதை ரெப்போவில் உள்ள ஒரு கோப்பு சொல்லட்டும். நிரலில் உள்ள எல்லா முகவரியையும் திரட்டி, இலக்கும் ஆங்கரும் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஒரு சிறு சோதனையும் சிஐயில் இருக்க வேண்டும். பில்டு விழுந்து நிற்கும் நேரத்தில் வாசகர் திறக்கும் பக்கம் அது. 404 காட்டக் கூடாத பக்கம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

"ஆவணம் ஒன்று சொல்கிறது, ஹெல்ப் வேறு சொல்கிறது"

ஆப்ஷன் பட்டியலை, கருவி தன் ஆப்ஷன்களைப் படிக்கும் நிரலான ஆர்கியூமென்ட் பார்சரிலிருந்தே உருவாக்குங்கள், கையால் எழுத வேண்டாம். ஆனால் உருவாக்கிய பட்டியல் பாதிதான் சொல்லும். ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் இணை பில்டை எடுத்துக்கொள்ளுங்கள். "வேகமாக வேண்டுமென்றால் ஜே சுவிட்சைச் சேருங்கள்" என்று வழிகாட்டியில் ஒரு வரி. நிஞ்ஜா என்ற பில்டு கருவி எதுவும் சொல்லாமலே பிராசசர் எண்ணிக்கையைப் பார்த்து இணையாக ஓடும். குனு மேக் என்ற இன்னொரு பில்டு கருவி எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொன்றாக ஓடும். ஜே சேர்த்து எண் கொடுக்காவிட்டால் உச்ச வரம்பே இல்லாமல் வேலைகளைத் தொடங்கும். பெரிய சி++ திட்டத்தில் அந்த ஒரு வரியை நம்பியவரின் கணினி நினைவகம் தீர்ந்து உறைந்துபோகும். வழிகாட்டியில் ஜே வரும் இடமெல்லாம் பக்கத்தில் எண் இருக்க வேண்டும், அந்த எண்ணை எப்படித் தேர்வது என்று ஒரு வாக்கியமும் இருக்க வேண்டும். இப்படிப்பட்டதை எந்தத் தானியங்கியும் எழுதித் தராது.

"எங்கள் டிஸ்ட்ரோவில் உங்கள் ஆவணம் பில்டு ஆகவில்லை"

டிஸ்ட்ரோ (லினக்ஸ் வெளியீடு) பராமரிப்பாளர் எழுதினால் முதலில் நெட்வொர்க்கைச் சந்தேகியுங்கள். டெபியன் போன்ற இடங்களில் பேக்கேஜ் பில்டு இணையத்தைத் தொடக் கூடாது. மற்ற திட்டங்களின் ஆவணத்துக்கு இணைப்புப் போடும் இன்டர்ஸ்பிங்க்ஸ் நீட்சி, அவற்றின் ஆப்ஜெக்ட்ஸ்.ஐஎன்வி கோப்பை இணையத்திலிருந்து எடுக்கப் பார்த்து எச்சரிக்கை தரும். சிஐக்கென்று நீங்கள் போட்ட பெரிய டபிள்யூ பேக்கேஜில் வரும் மேக்ஃபைலிலும் இருந்தால் அங்கே பில்டு விழும். கண்டிப்பு சிஐயின் கட்டளையில் மட்டும் இருக்கட்டும். இன்டர்ஸ்பிங்க்ஸ் அமைப்பில் இணைய முகவரியோடு உள்ளூர்க் கோப்பின் பாதையையும் கொடுக்க இடமிருக்கிறது, அதைப் பராமரிப்பாளர் மாற்றிக்கொள்ள வசதி செய்யுங்கள்.

ஒவ்வொரு பில்டிலும் வெளியீடு வேறாக வருகிறது என்பது அடுத்த புகார். பக்க அடியில் அச்சாகும் "கடைசியாகப் புதுப்பித்த நேரம்", கான்ஃப்.பையில் இன்றைய தேதியைக் கேட்டு எழுதிய பதிப்புரிமை ஆண்டு, இவைதான் வழக்கமான காரணம். பில்டு நேரத்தை நிலையாகக் குறிக்கும் சோர்ஸ் டேட் எபாக் மாறியை ஸ்பிங்க்ஸ் மதிக்கும். நீங்கள் கான்ஃப்.பையில் எழுதும் பைதானும் அதை மதிக்க வேண்டும். எழுத்துருவையும் ஸ்கிரிப்டையும் வெளித் தளத்திலிருந்து இழுக்கும் தீம் என்றால் அதுவும் புகாராக வரும். இணையமில்லாமல் படிப்பவருக்கும் அது உடைந்த பக்கம்தான்.

"ஆவணத்தில் இருக்கிறதே, ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்?"

இந்தப் புகார் பராமரிப்பவரிடமிருந்து வருவது. கேட்பவர் தேடாமல் இல்லை. அவர் டெர்மினலில் வந்த பிழை வரியை அப்படியே தேடல் பெட்டியில் ஒட்டுகிறார். நம் பக்கமோ "டிபென்டென்சி தீர்வின் கோட்பாடுகள்" என்று தலைப்பு வைத்துக்கொண்டு, அந்த வரியின் ஒரு சொல்லைக்கூடச் சொல்லாமல் இருக்கிறது. பிழைச் செய்தியின் முழு வாசகத்தையும், மாறும் பாதைகளையும் பெயர்களையும் மட்டும் நீக்கிவிட்டு, பக்கத்தில் எழுத்து மாறாமல் வையுங்கள். படமாக ஒட்டாதீர்கள், தேடலில் அகப்படாது. செய்தியின் வாசகத்தை நிரலில் திருத்தும் புல் ரிக்வெஸ்ட் வந்தால், பழைய வாசகத்தைப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டாம். பழைய ரிலீஸ் வைத்திருப்பவர் அதைத்தான் தேடுவார். புதியதை மேலே, பழையதைக் கீழே எழுதி, எந்தப் பதிப்பு வரை அது வரும் என்று குறித்துவிடுங்கள்.